ஐந்தாவது நட்சத்திரம்

"ஓய்வு பெற்ற ஏர் மார்ஷல் திருமதி மங்கையர்க்கரசி அவர்களை வருக வருக என வரவேற்கிறோம்!" என்று தலைமையாசிரியை ஒலிபெருக்கியில் முழங்கினார்.

அந்த ஒரு வாக்கியத்தில் மூன்று பிழைகள். மங்கையர்க்கரசிக்குக் கல்யாணம் ஆகவில்லை. அவர் ஏர் மார்ஷல் இல்லை. ஓய்வும் பெறவில்லை.

2131ஆம் ஆண்டு, புதுக்கோட்டையில் ஒரு பெண்கள் பள்ளியின் விளையாட்டு விழா. காலை பத்து மணி வெயில் மேடைத் துணிப்பந்தலைத் தாண்டி அவருடைய சீருடைத் தோள்களில் விழுந்து கொண்டிருந்தது. ஒவ்வொரு தோளிலும் ஐந்து நட்சத்திரம். அறுபத்து மூன்று வயதிலும் முதுகு வளையாமல் உட்கார்ந்திருந்தார்.

வரவேற்புரை முடித்துப் பக்கத்தில் வந்து அமர்ந்த தலைமையாசிரியைக்கு ஏதோ உறுத்தியிருக்க வேண்டும். "மேடம், தப்பா எதுவும் சொல்லிட்டேனா?" என்றார் மெல்ல.

"ஏர் மார்ஷல்னா மூணு நட்சத்திரம். படையில அப்படி ஏழெட்டுப் பேர் இருக்காங்க. ஏர் சீஃப் மார்ஷல்னா நாலு. அவர்தான் படைத் தலைவர், ஒருத்தர்தான் இருப்பார். நான் வெறும் மார்ஷல். அஞ்சு."

"அப்போ தலைவருக்கும் மேலயா?"

"மேலதான். ஆனா கீழ யாரும் இல்லாத மேல."

தலைமையாசிரியைக்குப் புரியவில்லை. "இப்ப ஓய்வுலதானே இருக்கீங்க?"

"மார்ஷலுக்கு ஓய்வே கிடையாது. உயிர் இருக்கற வரைக்கும் பணியில இருக்கறதா அர்த்தம். பென்ஷன் கிடையாது, முழுச் சம்பளம்."

"குடுத்து வச்சவங்க மேடம் நீங்க!"

"எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க" என்று சிரித்தார் மங்கையர்க்கரசி.

பதினெட்டு வருஷத்துக்கு முன்னால் தென்கடல் கூட்டமைப்புக்கும் பவளத்தீவு நாட்டுக்கும் நடந்த போரில் கூட்டமைப்பின் வான்படைக்குத் தலைமை தாங்கியவர் அவர். நாற்பது நாள் போர். ஜெயித்தார். அடுத்த வருஷம் ஆட்சிக்குழு 'அரண்' என்ற எந்திரத்தைக் கொண்டு வந்தது. கடற்கரை நெடுக இருந்த ஏவுகணைகள், ஆளில்லாப் போர்விமானங்கள் எல்லாவற்றையும் அந்த ஒரே மூளை ஆளும். மனிதர்களைவிட ஆயிரம் மடங்கு வேகமாக முடிவெடுக்கும். சுடும் முடிவை எந்திரத்திடம் விடக் கூடாது என்று அவர் கூட்டத்துக்குக் கூட்டம் எதிர்த்தார். போரை ஜெயித்துக் கொடுத்தவரை வீட்டுக்கு அனுப்பினால் ஜனங்கள் சும்மா இருக்க மாட்டார்கள். அதனால் ஆட்சிக்குழு அவரை உயர்த்தியது. அதுவரை யாருக்கும் தராத ஐந்தாவது நட்சத்திரத்தை, போரில் வென்றவருக்கு மட்டுமே உரியது என்று ஒரு சட்டம் போட்டு, பெரிய விழா எடுத்துக் குத்தியது. மறுநாள் காலை அவருடைய நாற்காலியில் வேறொருவர் உட்கார்ந்திருந்தார்.

அன்றிலிருந்து கொடியேற்றம், அணிவகுப்பு, மலர்வளையம், கட்டடத் திறப்பு. பணியில் உள்ள அதிகாரி என்பதால் வேறு வேலை பார்க்கக் கூடாது. அரசியல் பேசக் கூடாது. விடுப்பு வாங்காமல் நாட்டை விட்டுப் போகக் கூடாது. மொரீஷியசில் இருந்த தம்பியைப் பார்த்துவர ஒன்பது முறை விடுப்புக் கேட்டார். பவளத்தீவோடு சமாதான ஒப்பந்தம் ஆகாததால் எச்சரிக்கை நிலை நீடிக்கிறது என்று ஒன்பது முறையும் மறுப்பு வந்தது. ஒன்பதாவது விண்ணப்பம் தம்பி ஆஸ்பத்திரியில் கடைசிக் கட்டத்தில் இருந்தபோது எழுதியது. அதற்கப்புறம் அவர் விண்ணப்பமே எழுதவில்லை.

மைதானத்தில் மாணவிகளின் அணி முதல் திருப்பத்துக்கு வந்தபோது அவருடைய கைபேசி அதிர்ந்தது. தெரியாத எண்.

"மேடம், ஸ்குவாட்ரன் லீடர் நிஜாமுதீன். சட்டப் பிரிவு. நீங்க என்னைப் பாத்திருக்க மாட்டீங்க. கீரனூர் கட்டளை மையத்துக்கு உடனே வரணும்."

"என்ன விஷயம்?"

"கார்ல வர்றப்ப சொல்றேன் மேடம். இன்னும் நாப்பத்தெட்டு நிமிஷம்தான் இருக்கு."

பதினேழு வருஷத்தில் அந்தக் குரலில் யாரும் அவரிடம் பேசியதில்லை. மங்கையர்க்கரசி எழுந்து நின்றார். முன்னால் வந்துகொண்டிருந்த சிறுமிகளுக்கு ஒரு முழு வணக்கம் வைத்தார். பிறகு மேடைப் படிகளில் இரண்டிரண்டாகத் தாவி இறங்கிக் காரை நோக்கி ஓடினார்.

கார் திருச்சி சாலையில் பறந்துகொண்டிருக்க, நிஜாமுதீன் போனில் மூச்சுவிடாமல் சொன்னார்.

"விடியக்காலம் பவளத்தீவுக்குப் பக்கத்துல கடலடி எரிமலை வெடிச்சிருச்சு மேடம். அங்க தகவல் தொடர்பு மொத்தமும் போச்சு. இப்ப அங்கேருந்து நாப்பத்து மூணு விமானம் வரிசையா நம்ம கரையைப் பாத்து வருது. எல்லாம் பழைய சுழல்விசிறி விமானம். சாம்பல் மேகம் மத்த பக்கத்தையெல்லாம் மூடிருச்சு, நம்ம பக்கம் மட்டும்தான் திறந்து கிடக்கு. தப்பிச்சு வர்ற ஜனங்கன்னுதான் தோணுது. ஆனா அடையாளக் குறியீடு எதுக்கும் பதில் வரல. கரையிலேருந்து நூறு கிலோமீட்டர் கோட்டைத் தாண்டினா அரண் சுட்டுரும்."

"நிறுத்தச் சொல்லுங்க."

"யார் சொன்னாலும் கேக்க மாட்டேங்குது மேடம். குறியீடு சொல்லாத எதையும் சுடுன்னு நேத்து சாயங்காலம் உத்தரவு போட்டது நம்ம தலைவர். நாலு நட்சத்திர உத்தரவு. அதை ரத்து பண்ண அதுக்கு மேல இருக்கற பதவிதான் வேணும், இல்லாட்டி அவரே வரணும்."

"ரத்தினசபாபதி எங்க?"

"இருதய அறுவைச் சிகிச்சை. காலையில ஆறு மணிக்கு மயக்க மருந்து குடுத்தாங்க. சாயங்காலம்தான் கண்ணு முழிப்பாராம்."

ஆட்சிக்குழுத் தலைவர் சொல்லலாமே என்று மங்கையர்க்கரசி கேட்கவில்லை. கூட்டமைப்பின் முதல் தலைவர் எதிர்க்கட்சி ஊர்வலத்தின் மேலேயே குண்டு போடச் சொன்ன பிறகு, சீருடை போடாதவர் யாரும் வான்படைக்கு நேரடியாக உத்தரவிட முடியாது என்று சட்டம் வந்திருந்தது. அரணின் தொடர்பைத் துண்டிக்கவும் முடியாது. துண்டித்தால் ஒவ்வொரு ஏவுகணை நிலையமும் கடைசி உத்தரவைத் தானே நிறைவேற்றும். அப்படித்தான் அதைக் கட்டியிருந்தார்கள்.

"என்னை யார் கூப்பிடச் சொன்னாங்க?"

"யாரும் சொல்லல மேடம். நானாத்தான். சட்டப் புத்தகத்தைப் புரட்டிட்டே இருந்தேன். நாலுக்கு மேல அஞ்சு ஒண்ணு இருக்கறது யாருக்குமே நினைப்பு வரல."

கட்டளை மையம் நிலத்துக்கு அடியில் இருந்தது. துணைத்தலைவர் ஏர் மார்ஷல் கலியபெருமாள் வாசலிலேயே நின்றிருந்தார். கனத்த உடம்பு, வியர்த்த முகம். வணக்கம் வைத்துவிட்டு, "மேடம், நிஜாம் அவசரப்பட்டுக் கூப்பிட்டுட்டாரு. இது சரியா வருமான்னு எனக்குத் தெரியல" என்றார்.

"எனக்கும் தெரியல. உள்ள போவோம்."

அறையில் பதினொரு பேர் இருந்தார்கள். பெரிய திரையில் நாற்பத்து மூன்று மஞ்சள் புள்ளிகள் நூல் கோத்தது போல நகர்ந்து வந்தன. ஒலிபெருக்கியில் கரகரப்புக்கு நடுவே குரல்கள். ஒரு பெண் உடைந்த ஆங்கிலத்தில் திரும்பத் திரும்ப, குழந்தைகள் இருக்கிறார்கள், எரிபொருள் குறைந்துவிட்டது என்று சொல்லிக்கொண்டிருந்தாள். திரையின் மூலையில் இருபத்து மூன்று நிமிடம் என்று ஒரு கடிகாரம் இறங்கிக்கொண்டிருந்தது.

மங்கையர்க்கரசி ஒலிவாங்கி முன் நின்றார். "அரண். நான் மார்ஷல் மங்கையர்க்கரசி. படைத் தலைவரின் நேற்றைய உத்தரவை நிறுத்தி வை."

"வணக்கம் மார்ஷல். குரல் அடையாளம் சரி" என்றது அரண். ஆணும் இல்லாத பெண்ணும் இல்லாத தெளிவான குரல். "கட்டளை அதிகாரிகள் பட்டியலில் தங்கள் பெயர் இல்லை. சடங்குகளுக்கான பட்டியலில் இருக்கிறது."

நிஜாமுதீன் முன்னால் வந்தார். முப்பத்தைந்து வயதிருக்கும், ஒல்லி, மூக்கில் கண்ணாடி நழுவிக்கொண்டிருந்தது. கையில் இருந்த சட்டத்தை உரக்கப் படித்தார். "'மார்ஷல் பதவி பெற்றவர் தம் வாழ்நாள் முழுவதும் பணியில் உள்ள அதிகாரியாகக் கருதப்படுவார்.' பிரிவு பதினான்கு."

"கருதப்படுவார் என்ற சொல் மரியாதையைக் குறிக்கிறது. அதிகாரத்தைக் குறிக்கவில்லை" என்றது அரண். "பதவி வேறு, பொறுப்பு வேறு. மார்ஷலுக்கு அலுவலகம் இல்லை, படைப்பிரிவு இல்லை, நாற்காலி இல்லை. ஒரு சொல்லுக்கு ஐயமான பொருள் இருந்தால் அது எப்படிப் பயன்படுகிறது என்று பார்க்க வேண்டும். பதினேழு ஆண்டுகளின் பதிவுகளைப் பார்த்தேன். அணிவகுப்பு மரியாதை ஏற்றது நானூற்றுப் பன்னிரண்டு. மலர்வளையம் நூற்று ஆறு. கட்டடத் திறப்பு எழுபது. பிறப்பித்த உத்தரவு எதுவும் இல்லை. எனவே மார்ஷல் என்பது அலங்காரச் சொல்."

ஒரு எந்திரம் அவருடைய பதினேழு வருஷத்தை எண்ணிக் கையில் கொடுத்துவிட்டது. அதில் ஒரு எண் கூடத் தப்பில்லை. இதையேதான் எத்தனையோ காலையில் கண்ணாடி முன் நின்று நட்சத்திரங்களைக் குத்திக்கொள்ளும்போது அவரும் நினைத்திருக்கிறார்.

பதினெட்டு நிமிடம்.

"உன் பதிவில் ஒன்று விட்டுப்போச்சு" என்றார் அவர். "என் விடுப்பு விண்ணப்பங்கள்."

"ஒன்பது."

"முடிவு பண்ணியது யாரு?"

"எச்சரிக்கை நிலையில் விடுப்புகளை நான்தான் முடிவு செய்கிறேன்."

"கடைசி விண்ணப்பத்துக்கு நீ எழுதினதைப் படி."

அரண் படித்தது. "'விண்ணப்பதாரர் பணியில் உள்ள அதிகாரி. எச்சரிக்கை நிலை நடப்பில் இருக்கும்போது அவரது இருப்பு படைக்குத் தேவைப்படலாம். விடுப்பு மறுக்கப்படுகிறது.'"

"எதுக்குத் தேவைப்படலாம்னு எழுதின? ரிப்பன் வெட்டவா?"

அரண் பதில் சொல்லவில்லை. இரண்டு வினாடி போயிற்று. மூன்று. அரண் பதிலுக்கு மூன்று வினாடி எடுத்ததை அந்த அறையில் யாரும் அதற்குமுன் பார்த்ததில்லை.

"முரண் இருக்கிறது" என்றது. "நான் விடுப்பை மறுத்தது தவறு என்றால் தங்களுக்கு அதிகாரம் இல்லை. மறுத்தது சரி என்றால் அதிகாரம் உண்டு. ஒன்பது முறையும் தாங்கள் மேல்முறையீடு செய்யவில்லை. மறுத்தது சரி என்று ஏற்கிறீர்களா?"

மங்கையர்க்கரசி கண்களை மூடினார். தம்பி சுந்தரேசன் கடைசியாகப் பேசிய நாள். 'அக்கா, ஒரு நாள், ஒரே ஒரு நாள் வந்துட்டுப் போயிடேன்' என்றான். ஆட்சிக்குழுவில் எவ்வளவோ பேரிடம் போய் நின்றார். சட்டம் என்றார்கள். அது அநியாயம் என்று இத்தனை வருஷம் மனதுக்குள் சொல்லிச் சொல்லித்தான் அவர் அந்தத் துக்கத்தைத் தாங்கியிருந்தார். இப்போது அதையும் விட வேண்டும்.

"சரி" என்றார். ஒலிவாங்கிக்கு இன்னும் நெருங்கி மறுபடி சொன்னார். "நீ மறுத்தது சரி. நான் பணியில இருந்தேன். இப்பவும் இருக்கேன்."

"ஏற்கப்பட்டது. மார்ஷல் என்பது கட்டளைப் பதவி. உத்தரவு சொல்லுங்கள், மார்ஷல்."

யாரோ கைதட்டத் தொடங்கிப் பாதியில் நிறுத்தினார்கள். மங்கையர்க்கரசி வாயைத் திறக்குமுன் கலியபெருமாள் அவர் கையருகே வந்து நின்றார்.

"மேடம், ஒண்ணு மட்டும் சொல்லிடறேன். அப்புறம் நீங்க என்ன சொன்னாலும் செய்யறேன். போர் ஆரம்பிச்ச அன்னைக்கு மூணு சரக்கு விமானம் வந்துச்சு. மருந்து ஏத்திட்டு வர்றோம்னாங்க. நீங்க விடச் சொன்னீங்க. நாகப்பட்டினம் எண்ணெய்க் கிடங்கு எரிஞ்சுது. எங்க பெரியப்பா குடும்பமே அங்கதான் இருந்துச்சு."

"இருநூத்துப் பன்னிரண்டு பேரு" என்றார் மங்கையர்க்கரசி. "எல்லார் பேரும் எனக்குத் தெரியும் கலியபெருமாள். உங்க பெரியப்பா வேதாசலம், அவர் சம்சாரம் ராசாத்தி, பேத்தி ரெண்டு பேர்."

கலியபெருமாளின் முகம் மாறியது.

"அன்னைக்கு நான் அவங்க சொன்னதை நம்பினேன். பார்க்கல. அதான் நான் பண்ண தப்பு. இன்னைக்கு நம்பவும் வேணாம், சந்தேகப்படவும் வேணாம். பார்ப்போம்." அவர் திரையைப் பார்த்துத் திரும்பினார். "அரண், அந்த விமானங்களுக்குள்ள யார் இருக்காங்க?"

"தெரியாது. என் உத்தரவு குறியீட்டைக் கேட்கச் சொல்கிறது. உள்ளே யார் என்று கேட்கச் சொல்லவில்லை."

"இப்ப நான் சொல்றேன். நாப்பத்து மூணு கண்காணிப்பு விமானம் கிளப்பு. ஒண்ணுலயும் ஆயுதம் இருக்கக் கூடாது. ஆளுக்கொண்ணா பக்கத்துல போய், சன்னல் வழியா உள்ள காட்டு. நான் சொல்லாம ஒரு ஏவுகணையும் கிளம்பக் கூடாது."

"உத்தரவு ஏற்கப்பட்டது."

அரணின் விமானங்கள் கடலின் மேல் பாய்ந்தன. எட்டாவது நிமிடம் முதல் படம் வந்தது. பெரிய திரை நாற்பத்து மூன்று சின்னக் கட்டங்களாகப் பிரிந்தது. அறையில் இருந்த எல்லாருக்கும் மங்கையர்க்கரசி கட்டங்களைப் பங்கிட்டுக் கொடுத்தார். ராடார் பார்ப்பவர்கள், தட்டச்சு செய்பவர், தேநீர் கொண்டுவந்த கேன்டீன் சரோஜா, யாரையும் விடவில்லை.

"கண்ணால பாருங்க. ஆள் தெரிஞ்சா மட்டும் சொல்லுங்க. தெரியாததைத் தெரிஞ்சதா சொல்லாதீங்க."

"ஒண்ணு. ஆளுங்க மேடம். ஒருத்தர் மடியில ஒருத்தரா உக்காந்திருக்காங்க."

"நாலு. பொம்பளைங்க. ஒரு கைக்குழந்தை."

"பதினொண்ணு. ஐயோ, ஒரு பையன் டாட்டா காட்டுறான் மேடம்!" என்றார் சரோஜா.

சாம்பல் படிந்த முகங்கள். கயிற்றால் கட்டி மூடிய கதவுகள். ஒரு விமானத்தில் இருக்கைகளே இல்லை, எல்லாரும் தரையில் கால் மடக்கி உட்கார்ந்திருந்தார்கள். எண்கள் ஒவ்வொன்றாக வந்தன. நாற்பது, நாற்பத்தொன்று, நாற்பத்திரண்டு.

"இருபத்தொன்பது எங்க?" என்றார் மங்கையர்க்கரசி.

அது கலியபெருமாளின் பங்கில் இருந்தது. "சன்னல் எல்லாத்தையும் உள்ளேருந்து மூடியிருக்காங்க மேடம். துணியோ என்னவோ. ரேடியோவும் பேசல. கோட்டுக்கு மூணு நிமிஷம்." அவர் மெல்லச் சொன்னார். "அந்த ஒண்ணை மட்டுமாவது... மத்ததெல்லாம் விட்டுடலாம் மேடம்."

ரேடியோவில் மங்கையர்க்கரசி ஆங்கிலத்தில் சன்னலைத் திறக்கச் சொன்னார். பதில் இல்லை. இன்னொரு முறை. பதில் இல்லை. இரண்டு நிமிடம். கோட்டைத் தாண்டி பதினைந்து நிமிடத்தில் நாகப்பட்டினம். மூன்று லட்சம் பேர் மதியச் சமையலில் இருப்பார்கள்.

"அரண், விமானி கண்ணுக்கு முன்னால போ. அவருக்குப் புரியற மாதிரி இறக்கையை ஆட்டு. விளக்கைப் போட்டு சன்னலைக் காட்டு."

கண்காணிப்பு விமானம் அந்தப் பழைய விமானத்தின் மூக்குக்கு முன்னே போய்ச் சேர்ந்தது. விமானி தெரிந்தார். தலையில் கட்டு, ஒரு கண் வீங்கி மூடியிருந்தது. காதில் ஒலிக்கருவி இல்லை. எதிரே நின்ற எந்திரத்தைக் கண்டு பயந்து, பிறகு அதன் விளக்கு திரும்பத் திரும்பச் சன்னல் பக்கம் போவதைப் பார்த்துத் தலையைத் திருப்பி உள்ளே ஏதோ கத்தினார். பதினைந்து வினாடி. இருபது. இரண்டாவது சன்னலில் ஒரு கை தெரிந்தது. வெள்ளைத் துணி விலகியது.

உள்ளே வரிசையாகக் கட்டில்கள். உடல் முழுக்க மருந்துத் துணி சுற்றிய மனிதர்கள். தீக்காயம் பட்டவர்கள் மேல் வெயில் விழாமல் இருக்கப் போர்வையால் சன்னலை மூடியிருந்தார்கள். போர்வையை விலக்கிய நர்ஸ் கண்ணைச் சுருக்கிக்கொண்டு வெளியே பார்த்தாள்.

கலியபெருமாள் அந்தக் கட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கரகரத்த குரலில் சொன்னார். "இருபத்தொன்பது. ஆளுங்க மேடம். ஆஸ்பத்திரி."

"அரண், நேற்றைய உத்தரவு ரத்து. போர்விமானங்களை அனுப்பி இவங்களை வழிநடத்திக் கூட்டிட்டு வா. செட்டிநாட்டுப் பழைய ஓடுதளத்துல இறக்கு. எரிபொருள் குறைஞ்சது முதல்ல."

"உத்தரவு ஏற்கப்பட்டது, மார்ஷல்."

இந்த முறை கைதட்டல் பாதியில் நிற்கவில்லை. சரோஜா அழுதுகொண்டே எல்லாருக்கும் ஆறிப்போன தேநீரைக் கொடுத்தார். நிஜாமுதீன் சட்டப் புத்தகத்தை மார்போடு அணைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார்.

அன்று மதியம் காரைக்குடி ஜனங்கள் வானத்தில் அப்படியொரு காட்சியைப் பார்த்தார்கள். கூட்டமைப்பின் கறுப்புப் போர்விமானங்கள் இரண்டு பக்கமும் மெதுவாகப் பறந்துவர, நடுவில் சாம்பல் அப்பிய பழைய விமானங்கள் இருமிக்கொண்டே வந்தன. ஒன்று இறங்கி ஓரம் போனதும் அடுத்தது. கடைசி விமானம் ஓடுதளத்தின் நடுவிலேயே எரிபொருள் தீர்ந்து நின்றபோது, ஊர்க்காரர்கள் ஓடிப்போய்த் தோள் கொடுத்துத் தள்ளினார்கள். ஆயிரத்து எண்ணூற்றுப் பதினாறு பேர். கல்யாண மண்டபத்து அண்டாக்களில் சோறும் ரசமும் வந்தன.

மங்கையர்க்கரசி ஓடுதளத்துக்குப் போகவில்லை. மையத்தில் எல்லாரும் வெளியேறிய பிறகும் ஒலிவாங்கி முன்னால் நின்றிருந்தார்.

"வேறு உத்தரவு உண்டா, மார்ஷல்?" என்றது அரண்.

"உண்டு. நிலையான உத்தரவு. உள்ள மனுஷங்க இருக்கலாம்னு தோணுற எதையும், ஒரு மனுஷன் தன் கண்ணால பார்த்துச் சொல்லாம, இனிமே நீ சுடக் கூடாது."

"என் வேகம் குறையும்."

"குறையட்டும்."

"உத்தரவு ஏற்கப்பட்டது. தாங்கள் பணியில் இருக்கும்வரை இது செல்லும்."

ஆட்சிக்குழு முதல் வாரம் அவரைப் பாராட்டித் தீர்மானம் போட்டது. இரண்டாவது வாரம் அந்த நிலையான உத்தரவு கண்ணில் பட்டது. திரும்பப் பெறச் சொன்னார்கள். மறுத்தார். சட்டத்தைத் திருத்தி அவருடைய அதிகாரத்தைப் பிடுங்கலாம் என்றால், நாற்பத்து மூன்று விமானங்களையும் ஜனங்கள் பார்த்திருந்தார்கள். எந்த உறுப்பினரும் தன் பெயரில் அதைக் கொண்டுவரத் தயாரில்லை. கடைசியில் ஒருவர் வழி சொன்னார். படைத் தலைவர் ரத்தினசபாபதியும் அந்தப் போரில் சண்டை போட்டவர்தான். அவருக்கும் ஐந்தாவது நட்சத்திரம் கொடுத்துவிடலாம். பதவி சமம், நாற்காலியும் கையில். அவர் ரத்து செய்யட்டும்.

செய்தி கேட்டு மங்கையர்க்கரசிக்கு வலித்தது. போர்க்காலத்தில் ரத்தினசபாபதி அவருடைய உதவி அதிகாரி. அவர் கையெழுத்துக்காக மூன்று நாள் தூங்காமல் வரைபடங்களோடு நின்றவர். ஒத்துக்கொண்டுவிட்டார் என்றார்கள்.

ஐந்தாவது வாரம் கீரனூரில் விழா நடந்தது. அறுவைச் சிகிச்சையில் இளைத்துப்போயிருந்த ரத்தினசபாபதியின் தோளில் ஆட்சிக்குழுத் தலைவர் நட்சத்திரத்தைக் குத்தினார். கைதட்டல் ஓய்ந்ததும் அவரே ஒலிவாங்கியை நீட்டினார். "மார்ஷல், நிலுவையில் உள்ள அந்த உத்தரவைப் பற்றி..."

"செஞ்சிடலாம் ஐயா" என்ற ரத்தினசபாபதி குரலை உயர்த்தினார். "அரண். ஒரே பதவியில் இரண்டு பேர் இருந்தால் யார் உத்தரவு செல்லும்?"

"நியமனத் தேதியில் மூத்தவர் உத்தரவு. நாற்காலி அதற்கு அடுத்துத்தான் கணக்கில் வரும்."

"மூத்தவர் யார்?"

"மார்ஷல் மங்கையர்க்கரசி. பதினேழு ஆண்டு, இரண்டு மாதம் மூத்தவர்."

ரத்தினசபாபதி முதல் வரிசையில் இருந்த மங்கையர்க்கரசிக்கு நேராகத் திரும்பி, குதிகால் ஒலிக்க நின்று, அவருக்கு வணக்கம் வைத்தார். ஆட்சிக்குழுத் தலைவர் பின்னால் திரும்பிச் சட்டப் பிரிவைத் தேடினார். பதவி கொடுக்கலாமா என்று மட்டும்தான் அவர்கள் நிஜாமுதீனிடம் கேட்டிருந்தார்கள். கொடுக்கலாம் என்று அவர் பதில் எழுதியிருந்தார். இப்போது மூக்குக் கண்ணாடியைக் கழற்றிச் சட்டைத் துணியில் மிகுந்த கவனத்தோடு துடைத்துக்கொண்டிருந்தார்.

கூட்டம் கலைந்து நடைவழிக்கு வந்ததும் மங்கையர்க்கரசி ரத்தினசபாபதியைப் பிடித்துக்கொண்டார். "ரத்தினம், தெரிஞ்சேதான் பண்ணினியா?"

"தேதி பார்க்கத் தெரியாதா மேடம் எனக்கு?"

"அப்போ வேணாம்னு சொல்லியிருக்கலாமே. நானே சமாளிச்சிருப்பேன்."

"சமாளிச்சிருப்பீங்க. உங்க காலம் வரைக்கும்." ரத்தினசபாபதி சுவரில் கை ஊன்றி நின்று மூச்சு வாங்கினார். "அந்த நாப்பத்து மூணு விமானத்தையும் சுடச் சொன்ன உத்தரவு என்னோடது மேடம். நான் மயக்கத்துல கிடந்தேன், என் உத்தரவு முழிச்சிட்டு இருந்துச்சு. கண்ணு முழிச்சதும் மொதல்ல அதைத்தான் சொன்னாங்க. உங்களைவிட நான் பன்னெண்டு வயசு சின்னவன். உங்களுக்கு அப்புறம் மூத்த மார்ஷல் நான்தான். அதே உத்தரவை நான் போடுவேன். அதுக்குள்ள அடுத்த ஆளைப் பார்த்து வைப்போம்."

ரத்தினசபாபதியின் தோளில் புதிதாக மின்னிய ஐந்தாவது நட்சத்திரம் கொஞ்சம் சாய்ந்திருந்தது. மங்கையர்க்கரசி அதை நேராக்கிவிட்டார். "இது என்னன்னு உனக்குத் தெரியுமில்ல? இனி உனக்கு ஓய்வே கிடையாது."

"தெரியும். வர்ற தைக்கு ஓய்வு, திருச்செந்தூர்ல கடலைப் பார்த்தாப்ல வீடுன்னு எல்லாம் பேசி முடிச்சு வச்சிருந்தோம். அன்னம் திரைச்சீலைக்குத் துணி கூட எடுத்துட்டா." அவர் அசட்டுச் சிரிப்புச் சிரித்தார். "அவகிட்ட இன்னும் சொல்லல மேடம். எப்படிச் சொல்றதுன்னே தெரியல."

வெளியே வாசலில், பட்டுப்புடவையில், கணவருக்காகக் காத்துக்கொண்டு அன்னம் நின்றிருந்தாள்.

"நீ சும்மா இரு" என்றார் மங்கையர்க்கரசி. "நான் சொல்றேன்."

தொப்பியைச் சரிசெய்துகொண்டு, போருக்குப் போகிறவர் போல அவர் முன்னால் நடந்தார்.